போன் கேடானால் சரியாக்கணுமா, புதுசு வாங்கணுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். குழித்துறையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளின ஊர். ஒரு பசு, வீட்டைச் சுற்றி கொஞ்சம் ரப்பர், இரண்டு பிள்ளைகள், வயசான மாமியார், இதுதான் என் பாடு. எங்க குழுவில் கணக்கு நோட்டு எழுதுறது நானாக்கும். ஆண்டு விழாவில் நீயும் ஒரு தலைப்பில் பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. பெண் முன்னேற்றம், சிறுசேமிப்பு பற்றியெல்லாம் என்னைவிட நல்லா பேசுறவங்க இருக்காங்க, நான் கேடான போனைப் பற்றிப் பேசுறேன் என்றேன். அக்கா சிரிச்சாங்க. ஆனா வேண்டாம்னு சொல்லல்ல.

ஏன் இந்தத் தலைப்பு என்றால், தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்க. முன்னே உள்கடன் கேட்டது எதுக்கு? பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரி, கூரை ஓடு மாத்துறது, பசு வாங்குறது. எங்க குழுவில் இந்த வருஷம் உள்கடன் கேட்டவங்களில் மூணு பேர் போனுக்காகக் கேட்டிருக்காங்க. மூணு பேருமே "கடைக்காரன் இனி சரியாகாதுன்னு சொல்லிட்டான்" என்றுதான் சொன்னாங்க. எது கேடு, எதனால கேடு என்று கேட்டா பதில் இல்லை. 12,000 ரூபாய் போன் என்பது மாசம் 1,000 ரூபாய் வருகிற மகளிர் உரிமைத் தொகையில் ஒரு வருஷப் பணம். அதை இரண்டு நிமிஷத்தில் வேற ஒருத்தர் சொல்லி நாம முடிவெடுக்கலாமா? இதுதான் எனக்குள்ள கேள்வி.

போன் ஒரு ஆடம்பரம் என்று யாரும் இப்போ சொல்ல முடியாது. உரிமைத் தொகை ஏறின மெசேஜ் அதில் வருது. ரேஷன் கடையில் சாமான் வாங்கின மெசேஜ் அதில் வருது. பிள்ளைக்கு நாளை பள்ளி உண்டா இல்லையா என்பதும் அதில்தான். குழுக் கணக்கு, வங்கியின் ஓடிபி, வளைகுடாவில் இருக்கிற அண்ணன், கேரளாவில் கொத்த வேலைக்குப் போன வீட்டுக்காரர், எல்லாம் அதுக்குள்ள. இவ்வளவு வேலை செய்கிற போன் நம்ம கையில் எப்படி வந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. மகன் புதுசு வாங்கினான், அவன் பழசு அப்பாவுக்கு, அப்பாவோட பழசு அம்மாவுக்கு. கறியில் கடைசித் துண்டு மாதிரி, வீட்டில் எல்லாரும் விட்ட போன்தான் நமக்கு. அதனால கேடாகிறதும் நம்ம போன்தான் முதலில்.

என் போன் அப்படி வந்ததல்ல. 2021-ல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்தில் மூத்தவளோட ஆன்லைன் கிளாசுக்காக 10,500 ரூபாய்க்கு வாங்கினது. பிள்ளைக்கு வாங்கினது பிறகு எனக்கு வந்தது. போன வருஷம் இடவப்பாதி மழை தொடங்கின சமயம் அதுக்கு சீக்கு வந்தது. 30 சதவீதம் சார்ஜ் காட்டும், ஒரு போன் வந்து எடுத்தால் பொட்டுன்னு அணைஞ்சிடும். சூடு ஏறும். சில நாள் சார்ஜே ஏறாது.

முதலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அந்தப் பையன் போனைத் திறக்கவே இல்லை. திருப்பிப் பார்த்தான், ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான், "போர்டு போச்சு அக்கா, இனி இதில் பைசா போடாதீங்க" என்று சொல்லிட்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த புது போனைக் காட்டினான். மாசத் தவணையும் உண்டாம். "போர்டு போன போன் எப்படி மக்களே ஓடிட்டு இருக்கு?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. நான் போனை வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டில் வந்து சொன்னப்போ மாமி ஒரு வார்த்தை சொன்னாங்க: "பசு பால் குறைச்சுத் தந்தா உடனே பசுவையா விப்ப? முதலில் தீவனத்தைப் பாரு." மாமி போனில் பச்சைப் பொத்தானுக்கு மேலே எதுவும் தொட்டவங்க இல்லை. ஆனா போனுக்கும் வைத்தியம் அங்கே இருந்துதான் தொடங்கணும். போனோட தீவனம் சார்ஜர், வயர். அடுத்த வீட்டு வயரை வாங்கிக் குத்தினேன், சார்ஜ் ஒழுங்கா ஏறிச்சு. அப்போ சார்ஜ் ஏறாததுக்குக் காரணம் 150 ரூபாய் வயர். பாக்கி உள்ளது பாதி வழியில் அணையிறது. அது பேட்டரி.

பேட்டரி பற்றி கொஞ்சம் சொல்றேன். இப்போ உள்ள எல்லா போனிலும் லித்தியம் அயான் பேட்டரிதான். கத்தி தேய்கிற மாதிரி அதுவும் தேயும். பொதுவா 500 தடவை முழுசா ஏற்றி இறக்கினா புதுசில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் அளவுக்கு வந்திடும் என்பாங்க. தினம் ஒரு தடவை முழுசா சார்ஜ் செய்கிறவளுக்கு ஒன்றரை, இரண்டு வருஷத்தில் அந்தக் கணக்கு வந்திடும். பேட்டரி தளர்ந்த போனில் சதவீதம் 40-ல் இருந்து ஒரேயடியா 15-க்குக் குதிக்கும். மீதி காட்டும்போதே அணையும். இதெல்லாம் போன் செத்துப்போச்சு என்பதுக்கு அடையாளம் இல்லை. பேட்டரி மாத்தினா பழையபடி ஓடும். மார்த்தாண்டத்தில் வேறொரு சின்னக் கடையில் அந்தத் தம்பி போனைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பேட்டரிதான் என்று சொன்னார். மாத்துகிற கூலியும் சேர்த்து 900 ரூபாய். மூணு மாச கேரண்டி சீட்டில் எழுதித் தந்தார்.

ஆனா 900 ரூபாயை நான் உடனே கொடுக்கல்ல. வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்தப்போ இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் நல்ல மனசோட "புதுசே வாங்கிரு, நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். நான் நோட்டை எடுத்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு நோட்டு இல்லாம யோசிக்க வராது.

புது போன் 12,000. நாலு வருஷம் ஓடும் என்று வைத்தால் 48 மாசம். மாசத்துக்கு 250 ரூபாய். பேட்டரி மாத்த 900. அதுக்குப் பிறகு ஒரு வருஷம் ஓடினால் போதும் என்று வைத்தாலும் மாசத்துக்கு 75 ரூபாய்தான். 75 பெரிசா 250 பெரிசா? பேட்டரியை மாத்தினோம்.

இதே கணக்கு எல்லாருக்கும் ரிப்பேர் பக்கம்தான் சாயும் என்று நினைக்கக் கூடாது. எங்க குழுவில் ஒரு மயினி தேன் யாவாரம் செய்றாங்க. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு வெளியூரில் இருந்தும் வாட்சப்பில் ஆர்டர் வருது. அவங்க போனில் டிஸ்பிளே முழுக்க கோடு, பாதி இடத்தில் தொட்டால் கேக்காது. தொடுதிரையும் டிஸ்பிளேயும் சேர்ந்த காம்போ மாத்த 2,800 ரூபாய் கேட்டாங்க. 2,800, 12,000-ஐ விடக் குறைவுதானே என்று மயினி கிளம்பிட்டாங்க. "பொறுங்க மயினி" என்று நான் அந்தப் போனின் வரலாற்றைக் கேட்டேன். ஐந்து வருஷம் ஆச்சு. ஒரு தடவை வெள்ளத்தில் விழுந்து போர்டில் வேலை நடந்திருக்கு. உள்ளே இடம் நிறைஞ்சு, ஒரு படம் எடுக்க ஒரு படம் அழிக்கணும். இப்படிப்பட்ட போன் இன்னும் ஆறு மாசம் ஓடும் என்று வைத்தால், 2,800-ஐ ஆறால் வகுத்தா மாசம் 466 ரூபாய்க்கு மேலே. புது போனைவிட விலை கூடின ரிப்பேர் அது. அதுமட்டுமல்ல, ஆர்டர் எடுக்கிற நேரம் போன் நின்னால் போகிற யாவாரத்துக்கு யார் கணக்குப் போடுவா? மயினி புதுசு வாங்கினாங்க. அது சரியான முடிவு.

அதனால சகோதரிகளே, கடைக்காரர் சொல்கிற விலையை மட்டும் பார்க்காதீங்க. அந்த விலைக்கு எத்தனை மாசம் கிடைக்கும் என்று வகுத்துப் பாருங்க. பேட்டரி, சார்ஜ் குத்துகிற இடம், ஸ்பீக்கர், மைக் இதெல்லாம் பொதுவா மாத்திக்கொள்ளக் கூடிய சின்ன வேலை. டிஸ்பிளே நடுத்தரம், போன் வாங்கி இரண்டு வருஷத்துக்குள் என்றால் மாத்தலாம், பழசு என்றால் யோசிக்கணும். போர்டில் திரும்பத் திரும்ப வேலை வந்தால் அந்தப் போனை விட்டிடுறதே நல்லது. ரொம்ப மந்தமா ஓடுது, தொங்கி நிக்குது என்றால் அது கேடே இல்லாமலும் இருக்கலாம். காலை வணக்கம் படமும் வீடியோவும் நிறைஞ்சு மூச்சு முட்டுகிற போன் எத்தனையோ உண்டு. அழிச்சுப் பாருங்க. காசே செலவில்லாத வைத்தியம் அது.

நம்ம ஊருக்கு என்று சில கேடுகள் உண்டு. இரண்டு மழைக்காலமும் நமக்குக் கிடைக்குது. ஈரக் காற்று, கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று. ஷீட் அடிக்கிறவங்க ஆசிட் கையோட போனை எடுப்போம், அடுக்களையில் எண்ணெய்க் கையோட எடுப்போம். சார்ஜ் குத்துகிற ஓட்டையில் பாசி மாதிரி அழுக்கும் துருவும் பிடிக்கிறது இதனால்தான். வெள்ளத்தில் விழுந்த போனை அரிசிக்குள்ள புதைச்சு வைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலேயும் இருக்கு. அரிசி போனுக்குள்ள போன வெள்ளத்தை உறிஞ்சாது. தூசும் மாவும்தான் ஓட்டைக்குள்ள போகும். விழுந்த உடனே அணைச்சிடணும். வேலை செய்யுதா என்று போட்டுப் பார்க்கவோ, சார்ஜில் குத்தவோ கூடாது. சிம்மை வெளியே எடுத்து, துடைச்சு, அன்னைக்கே கடைக்குக் கொண்டுபோகணும். கடல் வெள்ளம் என்றால் இன்னும் அவசரம், உப்பு உள்ளே அரிக்கத் தொடங்கிடும்.

இன்னொன்று, இதை தயவுசெய்து எல்லாரும் கேளுங்க. போனோட பின்பக்கம் மெல்ல எழும்பி நிக்குதா, மேசையில் வைத்தால் ஆடுதா, டிஸ்பிளே ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கா? அது பேட்டரி உப்பினது. உள்ளே வாயு சேர்ந்து அது பொங்குது. அந்தப் போனை அதோட நிறுத்திடணும். சார்ஜ் போடக் கூடாது. அமுக்கி மூடி ரப்பர் பேண்டு போட்டுப் பயன்படுத்துற ஆட்களை நான் கண்ணால் பார்த்திருக்கேன். ஊசியால் குத்தினாலோ வளைச்சாலோ தீப்பிடிக்கும். பிள்ளைங்க கையில் கொடுக்கவே கூடாது. ராத்திரி தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டு வைக்கிற பழக்கத்தையும் இத்தோட விட்டிடணும். இதில் மாசக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்னைக்கே கடைக்குப் போகணும்.

பேட்டரி தளர்ச்சி நமக்கு ஒரு சின்ன விஷயம் என்று யாராவது நினைச்சா, ஓகியை நினைச்சுப் பாருங்க. 2017 நவம்பர் 30. வாழையும் ரப்பரும் விழுந்து, மின்கம்பம் எல்லாம் சாய்ஞ்சு, எத்தனை நாள் கரண்டு இல்லாமக் கிடந்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவங்களைப் பற்றி ஒரு சேதி வருமா என்று பெண்கள் கையில் போனை வைத்துக் காத்திருந்தாங்க. அந்த நாட்களில் செத்துப்போன போனைப் பார்த்த வெப்ராளம் சொல்லி முடியாது. அப்போ பட்டன் போன் வைத்திருந்தவங்கதான் நாலு நாள் தாக்குப்பிடிச்சாங்க. அதனால ஒரு பழைய பட்டன் போன் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. மாசம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வையுங்க.

அந்தப் பட்டன் போனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம்ம கூட்டமைப்பில் வேறு குழுவில் ஒரு அக்கா. போன் கேடாகிட்டு, "பைசா வரட்டும் பார்ப்போம்" என்று சிம்மோட சேர்த்து மேசை டிராயரில் வைத்துட்டாங்க. வீட்டில் மகன் போன் இருக்கே, அதில் பேசிக்கிடலாம் என்று ஐந்து மாசம் போச்சு. பிறகு வங்கியில் ஒரு வேலைக்குப் போனப்போ ஓடிபி வரல்ல. நம்பரே போயிட்டு. பிரீபெய்டு நம்பரை 90 நாள் தொடர்ந்து எதுக்குமே பயன்படுத்தாம விட்டால் கம்பெனி அதை நிறுத்திடலாம். கொஞ்ச காலம் கழிச்சு அதே நம்பரை வேறு ஆளுக்குக் கொடுக்கவும் செய்வாங்க. வங்கி, ஆதார், கேஸ், உரிமைத் தொகை, குழுப் பதிவு எல்லாத்திலும் அந்த நம்பரை மாத்த அந்த அக்கா எத்தனை நாள் வேலையை விட்டு அலைஞ்சாங்க! ரிப்பேரா புதுசா என்று முடிவெடுக்க எத்தனை நாள் வேணும்னாலும் எடுங்க. ஆனா சிம் மட்டும் டிராயரில் தூங்கக் கூடாது. கையில் இருக்கிற ஏதாவது பட்டன் போனில் போட்டு வையுங்க. மெசேஜ் ஓடிபி அதில் வரும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த யுபிஐ 123 பே என்ற வசதி மூலம் பட்டன் போனில் இருந்தும் பணம் அனுப்பலாம்.

மகன் போன் இருக்கே என்று சொல்கிறோமே, அதையும் கொஞ்சம் யோசிக்கணும். நம்ம பெயரில் உள்ள கணக்குக்கு நம்ம நம்பர், நம்ம கையில் இருக்கணும். எந்த மகனும் கெட்டவன் என்று நான் சொல்லல்ல. ஆனா நமக்கு எவ்வளவு பைசா வந்தது என்று இன்னொருத்தர் சொல்லித் தெரிய வேண்டிய நிலைக்கு, நாம குழு ஆரம்பிச்சு இத்தனை வருஷம் கழிச்சும் போகக் கூடாது.

அடுத்து, வெளியே கேடு தெரியாத ஒரு கேடு. ஆண்ட்ராய்டு போனுக்கு கம்பெனி அவ்வப்போது பாதுகாப்பு அப்டேட் அனுப்பும். வீட்டுக்குப் பூட்டு மாத்துகிற மாதிரி. சில வருஷத்தில் அதை நிறுத்திடும். போன் நல்லா ஓடும், ஆனா பூட்டு பழசு. செட்டிங்ஸில் போன் விவரம் என்ற இடத்தில் கடைசியா அப்டேட் வந்த மாசமும் வருஷமும் இருக்கும், இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்க. என் போனில் 2023-ஓட நின்னு போச்சு. பேட்டரி மாத்தின பிறகும் அதை நான் நாலு வருஷம் ஓட்டப் போறதில்லை என்றதுக்கு இதுதான் காரணம். ஒரு வருஷம் என்று முதலிலேயே வைத்துட்டேன். ஜிபேயில் பெரிய கணக்கை இணைக்கல்ல. ஆயிரம், இரண்டாயிரம் கிடக்கிற ஒரு சின்னக் கணக்குதான் அதில். அடுத்த போனுக்காக மாசம் 500 தனியா எடுத்து வைக்கிறேன். விலை கூடின சில மாடலுக்கு ஏழு வருஷம் அப்டேட் தருவோம் என்று கூகுளும் சாம்சங்கும் அறிவிச்சிருக்காங்க. நம்ம விலை போனுக்கு அவ்வளவு கிடையாது. வாங்கும்போது கேமரா எத்தனை என்று கேட்கிற நாம, அப்டேட் எத்தனை வருஷம் என்றும் கேட்கணும்.

ரிப்பேருக்குக் கொடுக்கிறதில் பெண்களுக்கு ஒரு பயம் உண்டு. வெளியே சொல்ல மாட்டோம். போனுக்குள்ள நம்ம படம் இருக்கு, மகளோட படம் இருக்கு, மனசு விட்டுப் பேசின பேச்சு இருக்கு. "இரண்டு நாள் கழிச்சு வாங்க, லாக்கைச் சொல்லிட்டுப் போங்க" என்று சொன்னால் எப்படிக் கொடுப்பது? எத்தனை பேர் இந்தப் பயத்திலேயே சின்ன ரிப்பேர் செய்யாம புதுசு வாங்கியிருக்காங்க, எனக்குத் தெரியும். பேட்டரியும் டிஸ்பிளேயும் மாத்த லாக் தெரிய வேண்டியது இல்லை. மாத்தி முடிஞ்ச பிறகு நாமே திறந்து சோதிச்சுக் காட்டலாம். கூடிய மட்டும் கடையிலேயே உட்கார்ந்து வாங்கிட்டு வாங்க, இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடியும். விட்டுட்டுத்தான் வரணும் என்றால் சிம்மும் மெமரி கார்டும் நம்ம கையில் இருக்கட்டும். யுபிஐ பின் எண்ணை எந்தக் காரணம் சொல்லிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மாத்தின பழைய பேட்டரியைக் காட்டச் சொல்லணும். போட்டது கம்பெனி சாமானா, காப்பியா என்று சீட்டில் எழுதச் சொல்லணும்.

இவ்வளவு கணக்குப் பேசுறேன், ஆனா கணக்குக்குள்ள அடங்காத போனும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருத்தி, வீட்டுக்காரர் வளைகுடாவில் இறந்துபோனார். அவர் அனுப்பின குரல் மெசேஜ் எல்லாம் ஒரு பழைய போனில். அது கிணற்றங்கரையில் வெள்ளத்தில் விழுந்து அணைஞ்சு போச்சு. அந்தப் போனை விற்றால் 500 ரூபாய் கூடத் தரமாட்டான். அவ 1,500 ரூபாய் கொடுத்து போர்டைச் சரியாக்கி, அந்தக் குரலை மட்டும் மகள் போனுக்கு மாத்தி எடுத்தாள். அவகிட்ட மாசக் கணக்கு கேட்க நான் யாரு? ஆனா மற்றவங்க ஒன்று செய்யலாம். போன் நல்லா இருக்கும்போதே முக்கியமான படத்தையும் குரலையும் இன்னொரு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்க. பிள்ளைங்களைக் கேட்டால் செய்து தருவாங்க.

இனி புதுசு என்று முடிவு செய்தவங்களுக்கு. "வட்டியில்லா தவணை" என்ற போர்டு எல்லாக் கடையிலும் தொங்குது. 12,000 ரூபாய் போனை மாசம் 1,000 வைத்து 12 மாசம். வட்டி எங்கே என்று தோணும். அதே போனுக்கு ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்க. ஒரு கடையில் எனக்கு 11,200 என்று சொன்னாங்க. தவணைக்கு நடைமுறைக் கட்டணம் என்று ஒரு 500 தனியா. ஆக ரொக்கத்தைவிட 1,300 ரூபாய் கூடுதல். இதுக்கு வட்டி என்று பெயர் வைக்கல்ல, அவ்வளவுதான். ஒரு மாசம் கணக்கில் பைசா இல்லாமப் போனால் அபராதம் வேற.

அதே 11,200-ஐ நம்ம குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் உள்கடனா எடுத்து 12 மாசத்தில் சம தவணையா முதலைத் திருப்பினால், குறைகிற பாக்கிக்கு மட்டும்தானே வட்டி, மொத்தம் 728 ரூபாய் வருது. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். 1,300 எங்கே, 728 எங்கே. அந்த 728-ம் வேற எங்கேயும் போகல்ல, நம்ம குழுவிலேயே கிடக்கு. ஆனா ஒன்று, போனுக்குக் கடன் கொடுக்கும்போது குழு ஒரு கேள்வி கேட்கணும் என்று எங்க குழுவில் இப்போ தீர்மானம் போட்டிருக்கோம். பழையதுக்கு எது கேடு, இரண்டு கடையில் காட்டினீங்களா? அவ்வளவுதான். ஒருத்தியை அவமானப்படுத்த அல்ல. இரண்டாவது கடைக்குப் போன மூணு பேரில் ஒருத்திக்கு 350 ரூபாயில் வேலை முடிஞ்சு, கடனே வேண்டாம் என்று சொல்லிட்டாள்.

பழைய போனை விலைக்கு வாங்குறவங்களும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனா திருட்டுப் போனா என்று பார்க்கணும். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அமுக்கினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூணு இங்கிலீஷ் எழுத்தும், ஒரு இடைவெளி விட்டு அந்த 15 எண்ணும் டைப் செய்து 14422-க்கு மெசேஜ் அனுப்பினால், அந்தப் போனோட விவரம் வரும். தடை செய்யப்பட்டது என்று வந்தால் கையில் தொடக் கூடாது. நம்ம போனின் அந்த 15 எண்ணையும் நோட்டில் எழுதி வைத்தால், தொலைஞ்சால் உதவும்.

போன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கேடாகுது, கேடானால் ஏன் சாமான் கிடைக்கல்ல என்று கேட்கிறது நாம மட்டுமல்ல. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கினது. கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி சாமான் விவரம் அதில் இருக்கும். பிரான்ஸ் நாட்டில் 2021-ல், போன் விற்கும்போதே, அதைச் சரியாக்க எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும் என்று விதி கொண்டுவந்தாங்க. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20-ல் இருந்து விற்பனைக்கு வருகிற போனில் பேட்டரி 800 தடவை ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதம் நிக்கணும், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் சாமான் கிடைக்கணும் என்று சட்டம். நம்ம நாட்டிலும் மார்க் போடுகிற முறை பற்றி அரசு ஒரு குழு வைத்து ஆராய்ந்திருக்கு. வரட்டும். அதுவரை, கேரண்டி காலத்துக்குள்ள சர்வீஸ் மறுத்தாலோ, ஏமாற்றினாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீரல்ல என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. அதுக்கெல்லாம் பில்லு வேணும். பில்லை அரிசி டப்பாவுக்குள்ளயாவது பத்திரமா வையுங்க.

விட்ட போனை என்ன செய்ய? எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்னால் கூகுள் கணக்கு, ஜிபே, வாட்சப் எல்லாத்தில் இருந்தும் வெளியே வந்து, உள்ளே உள்ளதை முழுசா அழிச்சுட்டுத்தான் கொடுக்கணும். செத்த பேட்டரியை ஆக்கர் கடைக்காரருக்கோ, குப்பைத் தொட்டிக்கோ, சவறு எரிக்கிற இடத்துக்கோ போடக் கூடாது. எரிக்கிற இடத்தில் அது வெடிக்கும். மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்யும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு என்று சட்டமே இருக்கு. சர்வீஸ் சென்டரில் எடுத்துக்கொள்வாங்களா என்று கேட்டுப் பாருங்க.

கடைசியா கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை. வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் செல்போன் ரிப்பேர் பயிற்சி உண்டு. ஏறக்குறைய ஒரு மாசம், ஃபீஸ் கிடையாது. தையலுக்கும் அழகுக் கலைக்கும் நாம பெண்களை அனுப்புறோம், இதுக்கு யாரையும் அனுப்பினதாக எனக்குத் தெரியல்ல. நம்ம உறுப்பினர் வீட்டில் பிளஸ் டூ முடிச்சு சும்மா இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! ரெண்டு பேரை இந்த வருஷம் அனுப்புவோம். கருவி வாங்க குழுக் கடன் கொடுப்போம். நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் முன் அறை வாரம் இரண்டு நாள் பூட்டித்தான் கிடக்கு, அங்கே ஒரு மேசை போட்டால் போதும். வாவுபலி பொருட்காட்சிக்கு வருகிற கூட்டத்தில் ஒரு ஸ்டால் போட்டால் யாவாரமும் தெரியவரும். நம்ம மகளோட படம் இருக்கிற போனை, நம்ம முன்னாலேயே, நம்ம பிள்ளை ஒருத்தி திறந்து சரியாக்கித் தருவாள். "போர்டு போச்சு" என்று சொன்னால் எந்த இடத்தில் போச்சு என்றும் காட்டித் தருவாள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமா வைக்க இரண்டு குழுக்கள் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மற்ற குழுக்களும் போடணும் என்றால் நோட்டு வெளியே சாயா வைத்திருக்கிற மேசையில் இருக்கு, பேனாவும் கட்டி வைத்திருக்கேன்.